எல்லோருக்கும் கொடுத்த மாத்திரை

செண்பகனூர்,
பிப்ரவரி 12

திரு. வேலப்பன் அவர்களுக்கு,

வணக்கம். தமிழ்மதியின் தலைமை ஆசிரியை செலினா எழுதுகிறேன்.

பூம்பாறைத் தேருக்கு என்று லீவு கேட்டு அவளை ஹாஸ்டலிலிருந்து அழைத்துப் போனீர்கள். தேர் நிலைக்கு வந்து ஒரு வாரத்துக்கு மேல் ஆகிறது, பிள்ளையை இன்னும் காணோம். போன் செய்தால் மணி அடித்து ஓய்கிறது. இரண்டு தடவை கட் ஆனது. அது சிக்னல் இல்லாமல் கட் ஆனதில்லை என்று எனக்குத் தெரியும். அதனால்தான் போளூர் பஸ் கண்டக்டர் தண்டாயுதபாணியிடம் இதைக் கொடுத்தனுப்புகிறேன். கடிதத்தைக் கட் செய்ய முடியாது, கிழிக்கத்தான் முடியும். கிழிப்பதற்கு முன் படித்துவிடுங்கள்.

பத்தாம் வகுப்புக்குத் திருப்புதல் தேர்வு நடந்துகொண்டிருக்கிறது. மார்ச் கடைசியில் பொதுத் தேர்வு. கணக்கில் இந்த வகுப்பிலேயே அவளைத் தாண்ட ஆள் கிடையாது. அந்தப் பிள்ளையை வீட்டில் வைத்துக்கொண்டு என்ன செய்கிறீர்கள்? பூண்டு வெட்ட ஆள் கிடைக்கவில்லை என்றால் சொல்லுங்கள், வருஷா வருஷம் நடக்கிற கதைதான், புரிந்துகொள்வேன். உங்கள் ஊரில் இன்னும் இரண்டு பிள்ளைகளையும் நிறுத்திவிட்டார்கள் என்று கேள்விப்பட்டேன். வேறு ஏதாவது மனத்தாங்கல் என்றால் அதையும் வெளிப்படையாகச் சொல்லுங்கள். உள்ளே வைத்துக்கொண்டு முறைக்கிறவர்களிடம் எனக்குப் பொறுமை கிடையாது.

செலினா


போளூர்,
பிப்ரவரி 15

மதிப்பிற்குரிய ஹெச்.எம். டீச்சர் அவர்களுக்கு,

கிழிக்கவில்லை. இரண்டு தடவை படித்தேன். பூண்டு வெட்ட ஆள் இருக்கிறது டீச்சர். மானம்தான் போய்விட்டது.

இத்துடன் ஒரு மாத்திரை அட்டையைப் பின் குத்தி வைத்திருக்கிறேன். பாதி தீர்ந்த அட்டை. என் மகளின் ஸ்கூல் பையில், ஜாமெட்ரி பாக்ஸுக்குள் இருந்தது. என் தம்பி சேனாதிபதி அதன் பெயரைப் போனில் போட்டுப் பார்த்தான். ஹார்மோன், கருப்பை, கர்ப்பம் என்று என்னென்னவோ வந்தது. மேற்கொண்டு படிக்க எனக்குக் கூச்சமாக இருந்தது, போனை அவனிடமே கொடுத்துவிட்டேன்.

போன மாதம் ஒரு நர்ஸம்மாவைக் கூட்டிவந்து, கதவைச் சாத்திக்கொண்டு என்ன பாடம் நடத்தினீர்கள் என்று இப்போது ஊருக்கே தெரியும். பிள்ளை உண்டாகாமல் இருக்க என்ன வழி என்று பதினைந்து வயசுப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்தீர்களாம். சொன்னதோடு நிற்காமல் கையிலும் கொடுத்து அனுப்பியிருக்கிறீர்கள். மகளிடம் கேட்டால் வாயைத் திறக்க மாட்டேன் என்கிறாள். அழுகிறாள். தப்பு இல்லாத பிள்ளை எதற்கு அழ வேண்டும்?

நாங்கள் பூண்டுக்கு மருந்து அடிப்பது பூச்சி விழுந்த பிறகுதான். விழாத பூச்சிக்கு அடித்தால் மண் கெட்டுப்போகும். நீங்கள் ஜெபம் சொல்லிக்கொடுத்தீர்கள், இங்கிலீஷ் சொல்லிக்கொடுத்தீர்கள், நான் ஒரு வார்த்தை கேட்டதுண்டா? இதைச் சொல்லிக்கொடுக்க உங்களை யார் கேட்டது? சாயந்திரம் மணி அடித்தால் உங்கள் வேலை முடிந்தது. நாளைக்கு ஒன்று ஆனால் பெயர் கெடுவது எங்கள் வீட்டுக்கு. ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனால் போலீஸ் வரும். அப்போது நீங்கள் பக்கத்தில் நிற்பீர்களா?

பள்ளித் தாளாளர் ஃபாதருக்கு மனு அனுப்பியாயிற்று. ஊரில் அறுபது வீட்டு ஆண்கள் கையெழுத்துப் போட்டிருக்கிறார்கள்.

இப்படிக்கு,
வேலப்பன்


செண்பகனூர்,
பிப்ரவரி 18

வேலப்பன் அவர்களுக்கு,

முதலில் ஒன்று. என் பள்ளியிலிருந்து எந்தப் பிள்ளைக்கும் அப்படி ஒரு மாத்திரை கொடுக்கப்படவில்லை. தலைவலி மாத்திரையைக்கூட வார்டன் என்னைக் கேட்டுத்தான் கொடுப்பார். இதை நான் எந்தச் சாமி மேலும் சத்தியம் செய்து சொல்வேன், உங்கள் சாமி உட்பட.

பாடம் நடத்தியது உண்மை. ஏன் என்று கேட்கிறீர்கள். போன வருஷம் பத்தாம் வகுப்பில் ஒரு பிள்ளை வயிற்று வலி என்று சிக் ரூமில் வந்து படுத்தாள். ஏழு மாதம் ஆகியிருந்தது. அவளை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனவள் நான்தான், போலீஸ் வந்தபோது பக்கத்தில் நின்றவளும் நான்தான். ஜீப்பில் போகும்போது அந்தப் பிள்ளை என் கையைப் பிடித்துக்கொண்டு, "டீச்சர், இது எப்படி ஆச்சு?" என்று கேட்டாள். நிஜமாகவே தெரியாமல் கேட்டாள். இனப்பெருக்கப் பாடத்தை வீட்டில் படித்துக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டு அடுத்த பாடத்துக்குப் போன பள்ளிக்கூடம் என்னுடையது. அதற்குப் பிறகு எனக்கு வெட்கம் தாங்கவில்லை. நர்ஸ் ஆக்ஸிலியாவை நான்தான் கெஞ்சி வரவழைத்தேன்.

பள்ளிக்கூடத்திலேயே தடுப்புச் சாதனங்களை வைத்திருக்க வேண்டும், கேட்கிற பிள்ளைக்குக் கொடுக்க வேண்டும் என்பது ஆக்ஸிலியாவின் கட்சி. எனக்கு அதில் இன்னும் முடிவு வரவில்லை. ஒன்பதாம் வகுப்புப் பிள்ளையின் கையில் கொடுக்க என் கை நீளாது என்றுதான் நினைக்கிறேன். கொடுக்காமல் விட்டு இன்னொரு ஜீப்பில் ஏறவும் என்னால் முடியாது. இந்தக் குழப்பத்தோடுதான் நான் தினமும் பள்ளிக்கூடம் போகிறேன். உங்களைப் போல எல்லாம் தெளிவாக இருந்தால் எனக்கும் நன்றாகத் தூக்கம் வரும்.

தமிழ்மதி பெரியவளானபோது அவள் படம் போட்டுப் போளூர் பஸ் ஸ்டாப்பில் ஃபிளெக்ஸ் வைத்தீர்கள். என்னையும் அழைத்தீர்கள், வந்து சாப்பிட்டேன். ஊருக்கே பேனர் கட்டிச் சொல்லலாம், அதற்கு என்ன அர்த்தம் என்று அந்தப் பிள்ளையிடம் சொல்லக் கூடாது. இது என்ன நியாயம்?

இனி அட்டை விஷயம். ஆக்ஸிலியாவிடம் காட்டினேன். பார்த்ததும் சிரித்துவிட்டாள், அப்புறம் முகம் மாறிவிட்டது. "டீச்சர், இது பிள்ளை உண்டாகாம இருக்கப் போடுறது இல்ல. தீட்டைத் தள்ளிப்போடுற மாத்திரை. திருவிழா வந்தா மலை முழுக்க இதுதான் ஓடுது. டாக்டரைக் கேக்காம இத்தனூண்டு பிள்ளைக்குக் கொடுத்திருக்காங்களே, அதத்தான் என்னால சகிக்க முடியல" என்றாள்.

தேருக்கு முன்னால் உங்கள் வீட்டில் யார் எதை வாங்கினார்கள் என்று கேளுங்கள்.

செலினா


போளூர்,
பிப்ரவரி 24

டீச்சருக்கு,

உங்கள் கடிதம் வந்த அன்றே கேட்டுவிட்டேன். பதில் எழுதத்தான் இத்தனை நாள் ஆயிற்று.

அழகம்மாள் அடுப்பைப் பார்த்தபடியே, "நீங்கதான வாங்கிட்டு வந்தீங்க" என்றாள்.

தை மாதம் பூண்டு மூட்டையோடு வடுகபட்டி மார்க்கெட்டுக்கு இறங்கினேன். கிளம்பும்போது அவள் ஒரு தாளை மடித்துக் கொடுத்து, "வத்தலக்குண்டு மெடிக்கல்ல இதக் காட்டி மூணு அட்டை வாங்கிட்டு வாங்க" என்றாள். பொம்பளைகள் சமாசாரம் என்று புரிந்தது, அதற்கு மேல் கேட்கவில்லை. கடைக்காரர் பேப்பரில் சுற்றிக் கொடுத்தார். பிரித்துக்கூடப் பார்க்காமல் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு மலை ஏறினேன். ஒன்று அவளுக்கு, ஒன்று அவள் தங்கைக்கு, ஒன்று என் மகளுக்கு. தேர் அன்றைக்குப் பிள்ளை கோயிலுக்கு வர முடியாமல் போய்விடக் கூடாது என்று அவள் நினைத்திருக்கிறாள். ஊரைக் கூட்டி நான் காட்டிய அட்டை, நான் காசு கொடுத்து வாங்கியது.

"அன்னைக்கே சொல்லித் தொலைக்கிறதுக்கு என்ன?" என்று கத்தினேன். "என்கிட்டயா கேட்டீங்க? அட்டைய எடுத்துக்கிட்டு நேரா தம்பி வீட்டுக்குப் போனீங்க. வெரசா ஊரே கூடிருச்சு. அத்தன ஆம்பளைங்க நடுவுல வந்து, இது தீட்டு மாத்திரைன்னு நான் சொல்லணுமாக்கும்" என்றாள். மகளும் அதனால்தான் வாயைத் திறக்கவில்லை. அப்பாவிடம் இதையெல்லாம் பேசக் கூடாது என்று வளர்த்த பிள்ளை. அப்படி வளர்த்தது நான்தான்.

உண்மையைச் சொல்லிவிட வேண்டியதுதானே என்பீர்கள். சொன்னேன். சேனாதிபதி என் முகத்தைப் பார்த்துவிட்டு, "சரிண்ணே, வெளிய அப்படியே சொல்லிக்குவோம்" என்றான். கூடப் பிறந்தவனே மூடி மறைக்கிறேன் என்று நினைக்கிறான். மற்றவர்களைக் கேட்க வேண்டுமா? என் மகள் மட்டும் தேவைப்பட்டுக் கேட்டு வாங்கியிருக்கிறாள் என்றுதான் ஊரில் பேச்சு. முந்தாநாள் என் மைத்துனன் இராமலிங்கம் வெற்றிலை பாக்கோடு வந்துவிட்டான். அவன் மகன் கோகுல்ராஜ் கொடைக்கானலில் டூரிஸ்ட் ஜீப் ஓட்டுகிறான், வயசு இருபத்து நாலு. "பேச்சு கீழ இறங்குறதுக்குள்ள முடிச்சிருவோம் மாப்ள. எங்க வீட்டுப் பிள்ளைய நாங்க கொற சொல்ல மாட்டோம்" என்கிறான். தர்மம் செய்கிற மாதிரி பேசுகிறான் டீச்சர்.

யோசித்து யோசித்து ஒரு வழிதான் தெரிகிறது. நீங்கள் ஒரு கடிதம் எழுதித் தர வேண்டும். வகுப்பில் எல்லாப் பிள்ளைகளுக்கும் பள்ளிக்கூடமே மாத்திரை கொடுத்தது, அது தவறு என்று. எல்லோருக்கும் கொடுத்தது என்றால் என் மகளும் அதில் ஒருத்தி, அவ்வளவுதான். கோபம் முழுக்க உங்கள் மேல் திரும்பும், அவளை விட்டுவிடுவார்கள். மறுநாளே பஸ் ஏற்றிவிடுகிறேன்.

வேலப்பன்


செண்பகனூர்,
பிப்ரவரி 27

வேலப்பன் அவர்களுக்கு,

உங்கள் கடிதத்தைப் படித்தேன். நீங்கள் வாங்கிய மாத்திரைக்கு நான் மன்னிப்புக் கேட்க வேண்டும். நீங்கள் கூட்டிய ஊருக்கு நான் பொய் சொல்ல வேண்டும்.

அந்தப் பொய் என்ன செய்யும் என்று தெரியுமா? இந்தப் பாடத்தை நடத்த இரண்டு வருஷம் தாளாளர் அறை வாசலில் நின்றிருக்கிறேன். பிள்ளைகள் கெட்டுப்போவார்கள், ஒரு பேச்சில் தொடங்கி மாத்திரையில் போய் முடியும் என்று அவர் சொன்னதையே உங்கள் ஊரும் சொல்கிறது. நான் கையெழுத்துப் போட்டால் அவர் பயந்தது சரி என்று ஆகிவிடும். அதற்குப் பிறகு இந்த மலையில் எந்தப் பள்ளிக்கூடமும் ஆக்ஸிலியாவை வாசலுக்குள் விடாது. உங்கள் ஒரு பிள்ளையின் பெயருக்காக எத்தனை பிள்ளைகளின் வாயை அடைக்கச் சொல்கிறீர்கள்?

முடியாது. அறுபது பேரைக் கூட்டத் தெரிந்தவருக்கு அதே அறுபது பேர் முன்னால் நின்று உண்மையைச் சொல்லவும் தெரிய வேண்டும். பத்தாம் வகுப்புப் பிள்ளைக்குக் கல்யாணம் என்று இன்னொரு வார்த்தை காதில் விழுந்தால் குழந்தைகள் உதவி எண் 1098க்குப் போன் செய்வேன். இதை மிரட்டல் என்றே எடுத்துக்கொள்ளுங்கள்.

செலினா


போளூர்,
மார்ச் 3

டீச்சருக்கு,

போன் செய்யுங்கள். ஜீப்பில் ஆபீசர்கள் வருவார்கள், கையெழுத்து வாங்குவார்கள், போவார்கள். இராமலிங்கம் அடுத்த வாரமே கீழே யாராவது சொந்தக்காரன் வீட்டில் வைத்து மஞ்சள் கயிற்றைக் கட்டச் செய்வான். நான் வேண்டாம் என்றால், பெத்த பிள்ளைக்கு வந்த வழியையும் கெடுத்தவன் என்பார்கள். நீங்கள் என்னைக் கோழை என்று நினைக்கிறீர்கள். நினைத்துக்கொள்ளுங்கள். உண்மையை என் தம்பியிடம் சொல்லிப் பார்த்துத்தான் இந்த முடிவுக்கு வந்தேன்.

நேற்று மகள் என்னிடம் பேசினாள், இத்தனை நாளுக்குப் பிறகு. "அப்பா, நான் தப்பு செஞ்சிருந்தா என்னைய என்ன செஞ்சிருப்பீங்களோ, அதையேதான இப்பயும் செய்யுறீங்க" என்றாள். கணக்குப் புத்தகத்தை எடுத்துக்கொண்டு பூண்டு காயவைத்திருக்கிற பக்கம் போய் உட்கார்ந்துகொண்டாள்.

வருகிற வெள்ளிக்கிழமை பூ வைக்க வருகிறார்கள். அதற்குள் முடிந்தால் எழுதுங்கள். முடியாது என்றால் இனி எழுத வேண்டாம்.

வேலப்பன்


செண்பகனூர்,
மார்ச் 5

வேலப்பன் அவர்களுக்கு,

நீங்கள் கேட்ட கடிதம் இத்துடன் இருக்கிறது, பள்ளி முத்திரையோடு. எல்லாப் பிள்ளைகளுக்கும் கொடுத்தது நான், என் சொந்த முடிவில், நர்ஸுக்குத் தெரியாமல் என்று எழுதியிருக்கிறேன். ஆக்ஸிலியாவின் வேலையாவது மிஞ்சட்டும்.

போன வருஷம் நான் ஜீப்பில் கூட்டிப்போன பிள்ளையின் அக்காவும் எங்கள் பள்ளியில்தான் படித்தாள்; அவளுக்கு நடக்க இருந்த கல்யாணத்தை 1098க்குச் சொல்லி நிறுத்தினேன். கல்யாணம் நின்றது. அந்த அக்கா பள்ளிக்குத் திரும்பவே இல்லை. எங்கே இருக்கிறாள் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. அதனால்தான் எழுதினேன். உங்கள் மேல் இரக்கப்பட்டு இல்லை.

இரண்டு விஷயம். சனிக்கிழமை காலை முதல் பஸ்ஸில் தமிழ்மதி ஏற வேண்டும். பன்னிரண்டாம் வகுப்பு முடியும்வரை உங்கள் வீட்டு வாசலில் வெற்றிலை பாக்குத் தட்டு ஏறக் கூடாது. இதில் ஒன்று தவறினாலும் உங்கள் பிப்ரவரி 24 கடிதம் ஊருக்கு வரும்.

இதை எழுதிவிட்டு எனக்கு நிம்மதி ஒன்றும் வரவில்லை. எரிச்சலாக இருக்கிறது.

செலினா


போளூர்,
ஏப்ரல் 2

டீச்சருக்கு,

வணக்கம். தமிழ்மதி இரண்டு பரீட்சை எழுதிவிட்டதாகப் போன் செய்தாள். உங்களை ஹெச்.எம். பொறுப்பிலிருந்து எடுத்துவிட்டார்கள் என்றும் சொன்னாள். மன்னித்துவிடுங்கள் என்று எழுதினால் நீங்கள் கிழித்துவிடுவீர்கள்.

ஊர்க் கூட்டத்தில் உங்கள் கடிதத்தைச் சேனாதிபதிதான் சத்தமாக வாசித்தான். ஆளாளுக்கு உங்களைத் திட்டினார்கள். நானும் தலையை ஆட்டிக்கொண்டு நின்றேன். இனி என்ன அவசரம், பிள்ளை படிக்கட்டும் என்று நான் சொன்னதும் இராமலிங்கம் தட்டை எடுத்துக்கொண்டு போய்விட்டான். அதோடு முடிந்தது என்று நினைத்தேன்.

முடியவில்லை. அடுத்த நாள் வெள்ளனே குப்பம்மாள் வந்தாள். மனுவில் முதல் கையெழுத்து அவள் புருஷனுடையது. பீன்ஸ் கொடுக்க வந்த மாதிரி வந்து, அழகம்மாளைக் கொல்லைப் பக்கம் கூட்டிப்போய், "உன் மக ஸ்கூல்ல எல்லாப் பிள்ளைக்கும் மாத்திர கொடுக்காங்களாமே. என் மக அடுத்த வருசம் திண்டுக்கல்ல காலேஜ் சேரப்போறா. போறதுக்கு முன்னாடி அந்த நர்ஸம்மா அவகிட்ட நாலு வார்த்த பேசுவாங்களா?" என்று கேட்டிருக்கிறாள். அதற்கு அடுத்த நாள் இன்னொருத்தி. அவள் மகள் எட்டாம் வகுப்புத்தான். "நான் எப்படிச் சொல்ல, எனக்கே ஒண்ணும் தெரியாது" என்றாளாம். இதுவரை நான்கு பேர் வந்துவிட்டார்கள். நான்கு பேரும், வீட்டுக்காரருக்குத் தெரிய வேண்டாம் என்று சொல்லிவிட்டுப் போயிருக்கிறார்கள்.

"என்ன பதில் சொல்ல?" என்று அழகம்மாள் என்னைக் கேட்கிறாள். மாத்திரை கொடுத்ததே பொய் என்று இந்த ஊரில் எங்கள் வீட்டுக்கு மட்டும்தான் தெரியும். அந்த நர்ஸம்மா மறுபடி வருவார்களா என்று உங்களிடம் கேட்கச் சொன்னாள். கேட்டுவிட்டேன்.

வேலப்பன்


செண்பகனூர்,
ஏப்ரல் 5

வேலப்பன் அவர்களுக்கு,

கிழிக்கவில்லை.

நான் இப்போது ஆறாம் வகுப்புக்குத் தமிழ் எடுக்கிறேன். பள்ளியில் அந்தப் பாடம் இனி கிடையாது, எழுத்தில் உத்தரவு வந்துவிட்டது. உத்தரவுக்குக் காரணமாகச் சொல்லப்பட்டிருப்பது உங்கள் மனுவும் என் கடிதமும். ஆக்ஸிலியா என்னோடு பேசுவதில்லை. "என் வேலையக் காப்பாத்துனீங்க டீச்சர், வேலை செய்யுறதுக்கு ஒரு எடம் இல்லாமப் பண்ணிட்டீங்க" என்று கடைசியாகச் சொன்னாள். அவள் சொன்னது சரிதான்.

உங்கள் கடிதத்தைப் படித்தவுடன் எனக்கு வந்தது ஆத்திரம். பாடம் இருந்தபோது ஊர் முழுக்கச் சண்டைக்கு வந்தது. இப்போது ஒன்றும் இல்லாதவளிடம் கொல்லைப்புறமாக வந்து கேட்கிறது. பீன்ஸை மடியில் கட்டிக்கொண்டு வந்த அந்தப் பெண்களை நான் குறை சொல்ல மாட்டேன். அவர்களிடம் யாரும் கையெழுத்துக் கேட்கவில்லை.

பரீட்சை முடிந்து வரும் முதல் ஞாயிற்றுக்கிழமை போளூருக்கு வருகிறேன். ஞாயிற்றுக்கிழமை எனக்கு உத்தரவு போட யாரும் இல்லை. ஆக்ஸிலியாவை அழகம்மாளே போனில் கூப்பிடட்டும். நான் கூப்பிட்டால் வர மாட்டாள், அழகம்மாள் கூப்பிட்டால் வருவாள்.

ஆனால் பெண்களை மட்டும் அனுப்பிவிட்டு நீங்கள் காட்டுப் பக்கம் போய்விடக் கூடாது. ஆண்களும் வர வேண்டும், சேனாதிபதி உட்பட. எல்லோரும் உட்கார்ந்த பிறகு நீங்கள் எழுந்து நின்று, அந்த மாத்திரையை வத்தலக்குண்டில் வாங்கியது நான்தான் என்று சொல்ல வேண்டும். நம்புகிறவர்கள் நம்பட்டும், சிரிக்கிறவர்கள் சிரிக்கட்டும். நீங்கள் சொல்லி முடிக்கிறவரை நான் பாடத்தைத் தொடங்க மாட்டேன்.

செலினா